பழைய பிரேம் இயல்

சைக்கிள் பிரேம் எனப்படுவது, ஒரு சைக்கிளிலிருந்து சக்கரம், செயின், பெடல், சீட்டு, ஹேண்டில்பார், மட்கார்டு, கேரியர் ஆகிய அனைத்தையும் கழற்றிய பிறகும் சுவரில் சாய்ந்து நிற்கும் மிச்சம். பாடநூல்கள் இதைச் சட்டகம் என்கின்றன. காவேரிப்பாக்கம் கடைத்தெருவில் சட்டகம் என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. பிரேம் என்று மட்டும் கேட்டால் போட்டோ மாட்டும் கடையைக் கைகாட்டுவார்கள். ஆகவே முதல் தடவை ‘சைக்கிள் பிரேம்’ என்று முழுதாகவும், அதன் பின் ‘பிரேம்’ என்று சுருக்கியும் வழங்குதல் மரபு.

ஆய்வுக் களமான காவேரிப்பாக்கம், ராணிப்பேட்டை மாவட்டத்தில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. வரலாற்று நூல்கள் இவ்வூரை இரண்டு காரணங்களுக்காகக் குறிப்பிடும். ஒன்று, பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது எனப்படும் பெரிய ஏரி. மற்றொன்று, 1752இல் ராபர்ட் கிளைவ் இங்கே நடத்திய போர். பிரேம் ஆய்வாளருக்கு ஏரிக்கரை பிற்பாடு உதவும். போர் உதவாது. முதல் இருசக்கர மரவண்டியை ஜெர்மனியில் டிரைஸ் என்பவர் உருட்டிக் காட்டியதே 1817இல்தான். எனவே கிளைவின் படை பழைய பிரேம் எதையும் இங்கே விட்டுச் செல்லவில்லை என்று துணிந்து கூறலாம்.

இனி, டிராக் சைக்கிள். வட்டமாகக் கட்டிய பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி இது. இதற்குப் பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம்தான் உண்டு, கியர் கிடையாது. பிரீவீலும் கிடையாது, ஆகவே சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்; கால் ஓய முடியாது. பிரேக் வைக்க விதிமுறை இடம் தருவதில்லை. பின்சக்கரத்தின் ஆக்சில் உட்காரும் பிளவு பின்பக்கமாகத் திறந்திருக்கும். செயின் தொய்ந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முறுக்கிக்கொள்ளலாம். 1972இல் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டியது இத்தகைய எஃகு வண்டியில்தான். அதே வேகத்தில் காவேரிப்பாக்கத்தில் புறப்பட்டிருந்தால் அவர் ஒரு மணி நேரத்தில் வேலூரைத் தாண்டியிருப்பார். சைக்கிள் என்பதால் சுங்கச்சாவடியில் காசும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வகை பிரேம்கள் பழசாகக் கிடைக்கும் பெரிய ஊற்று ஜப்பான். அங்கே 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில், உலகமெல்லாம் கார்பனுக்கு மாறிய பிறகும், பெரும்பாலும் எஃகு பிரேமே ஓடுகிறது. பந்தயக்காரர்கள் கழித்துவிட்டதை டோக்கியோவிலும் லண்டனிலும் இளைஞர்கள் தேடி வாங்கித் தெருவுக்கு ஏற்றபடி கட்டிக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில் ஒரு தடம் போட்டார்கள். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்கு 250 மீட்டர் மரத்தடம் வந்தது. அவற்றில் ஓடிய பிரேம் ஒன்றுகூட ஓச்சேரி பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் காவேரிப்பாக்கத்துக்கு வழி கேட்டதாகச் செய்தி இல்லை.

இங்கேதான் இவ்வியலின் மையக் கருத்து பிறக்கிறது. டிராக் பிரேம் காவேரிப்பாக்கத்துக்கு வரத் தேவையே இல்லை. அது ஏற்கெனவே இங்கே இருக்கிறது. காயலான் கடையில் மழைக்கு நனைந்துகொண்டிருக்கும் கறுப்புச் சைக்கிளைச் சற்றே பொறுமையாகப் பார்த்தால் இது புலப்படும். அதன் பின்ஆக்சில் பிளவும் பின்பக்கமே திறக்கிறது. அதற்கும் கியர் இல்லை. அதன் செயினும் அரை அங்குலக் கண்ணி, எட்டில் ஒரு அங்குல அகலம். டிராக் செயினின் அளவும் அதுவே. குழாய்களை லக் எனும் இணைப்பு உறையில் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டும் முறையும் ஒன்று. எஞ்சுவது பிரேக். டிராக் வண்டியில் அது விதிப்படி இல்லை. கறுப்புச் சைக்கிளில் வழக்கப்படி இல்லை. ராடு பிரேக்கின் கட்டை தேய்ந்து, கம்பி கழன்று, வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு ஓட்டுபவரின் செருப்புக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆன வண்டிகளே பெரும்பான்மை. வேறுபாடு என்று வற்புறுத்திச் சொல்லத்தக்கது பிரீவீல் ஒன்றுதான். அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் அநேகமாக எல்லாச் சைக்கிளும் கால் ஓயாத சைக்கிளே.

வம்சாவளியைப் பார்த்தாலும் உறவு நெருக்கமானது. பந்தய வண்டிக்காரர்கள் பெயரைக் கேட்டதுமே பெருமூச்சு விடும் ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935இல் பர்மிங்ஹாமில் வந்தது. ரெனால்ட்ஸ் அப்போது டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தில் ஒரு கம்பெனி. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் முருகப்பா குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் தொடங்கியது அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸ் அங்கிருந்துதான் தமிழ்நாட்டு வாசல்களுக்கு வந்தது. ராலே சைக்கிள் கம்பெனி 1960இல் அந்தக் குழுமத்துக்குள் போனது. 1980இல் டூர் டி பிரான்ஸில் வென்ற யோப் ஜூட்டெமெல்க் ஓட்டியது டி.ஐ.–ராலே வண்டி. ஆக, பாரிஸில் மாலை வாங்கிய பிரேமும் காவேரிப்பாக்கத்தில் நெல் மூட்டை சுமந்த பிரேமும் பங்காளிகள். பங்காளிகளுக்குள் வழக்கம்போல் சொத்து சமமாகப் பிரியவில்லை. 531 குழாய் அந்தப் பக்கம் போயிற்று, எடை இந்தப் பக்கம் வந்தது. மெர்க்ஸின் முழு வண்டியே ஆறு கிலோவுக்குள். இங்கே ஒரு முழு வண்டி இருபது கிலோவை ஒட்டி நிற்கும்.

பழைய பிரேம் கிடைக்கும் இடங்கள் மூன்று: காயலான் கடை, பஞ்சர் கடையின் கூரை, மாட்டுக்கொட்டகை. 2001–02இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிதிவண்டிகளும் பள்ளிப் படிப்பு முடிந்ததும் இவற்றுள் ஏதேனும் ஒன்றை அடைகின்றன என்றாலும், அவை வயதில் இளையவை. இந்த ஆய்வு அவற்றை இன்னும் பத்தாண்டுக்கு ஒத்திவைக்கிறது. இடத்தைவிட முக்கியம், முன்பு அந்தப் பிரேம் பார்த்த வேலை. துருவைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது தெரிந்துவிடும்.

பால் வண்டியில் துரு சீட்டுக்குக் கீழே தொடங்கும். இரண்டு பக்கமும் கேன் தொங்கியதால் பின் குழாய்களில் கேன் உரசிய பளபளப்பும், தினம் கழுவியதால் அதைச் சுற்றிலும் மெல்லிய சிவப்பும் இருக்கும். கேன் ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் பாதியுமாக இருபது வருடம் ஓடிய வண்டி ஒருக்களித்தே நிற்கும் என்பது மெக்கானிக்குகள் கொள்கை. தோல் வண்டி வேறு. இந்த வட்டாரத்தில் பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்புப் போடுவார்கள்; உப்புத்தோல் கட்டுகளைச் சுமந்த கேரியரிலிருந்து சொட்டிய நீர் செயின் ஸ்டே எனும் கீழ்ப் பின்குழாய் வழியாக இறங்கி, பெடலைத் தாங்கும் பி.பி. ஆக்சில் இருக்கும் உருளைக்குள் போய்த் தங்கும். வெளியே பெயிண்ட் பத்திரமாக இருக்கும், உள்ளே பிஸ்கட். தோல் வண்டியை வாங்கலாகாது என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

மிகச் சிறந்தது ‘பெல் வண்டி’. ராணிப்பேட்டை பி.எச்.இ.எல். ஆலைக்குப் போய்வந்த ஊழியரின் சைக்கிள் இது. இதில் மணி இருக்கவேண்டிய அவசியம் இல்லை. நாளுக்கு எட்டு மணி நேரம் கூரையடியில் நின்ற வண்டி, ஆயுத பூஜைதோறும் துடைத்துப் பொட்டு வைத்த வண்டி, ஆண்டுக்கொரு தடவை ஓவராயில் பார்த்த வண்டி. கடைக்காரர்களும் இதை அறிவர். ஆகவே காயலான் கடையில் நிற்கும் எல்லா வண்டியும் பெல் வண்டிதான்.

குரோமியம் பூச்சைப் பற்றி இங்கேயே ஒரு சொல். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு குவிந்து கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது ஊரறிந்த சங்கதி. ரிம்மில் ஒட்டியிருக்கவேண்டிய குரோமியம் நாலு மழையில் உரிந்துவிடுகிறது. கிணற்றில் இருக்கக்கூடாத குரோமியம் போவேனா என்கிறது.

அடுத்தது சோதனை. இதற்கு வேண்டிய கருவி ஒரு நூல்கண்டு. பூக்கட்டும் நார் ஆகாது, நீளும். பின்ஆக்சில் பிளவின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹெட் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவில் விறைப்பாகக் கட்டவேண்டும். நடுவில் நிற்கும் சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழைந்து மறுபக்கம் கட்டைவிரல் நுழைந்தால் அந்தப் பிரேம் எங்கோ ஒரு புளியமரத்தைச் சந்தித்திருக்கிறது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை ஹெட் குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிவயிற்றில் வைத்துத் தடவவேண்டும். நேருக்கு நேர் மோதிய வண்டியில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய மேடு தட்டும்; கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். கடைசியாக சீட்டு லக்கின் வெடிப்பு. மூன்றாவது கோட்டுப் பெயிண்டை நகத்தால் சுரண்டினால் வெளிப்படும். பலமுறை பெயிண்ட் அடித்த பிரேமில் இதைச் சுரண்டும்போது அடியில் ஒரு கட்சிக்கொடியின் நிறமும், அதற்கும் அடியில் வேறொரு கட்சிக்கொடியின் நிறமும் வருவதுண்டு. அது பிரேமின் குறை அல்ல.

பார் எனப்படும் மேல்குழாய் தரைக்கு இணையாக இருக்கவேண்டும். சிறுவர்கள் காலை உள்ளே விட்டுக் குரங்குப் பெடல் போடுவது இந்த முக்கோணத்தின் வழியாகத்தான். அந்தப் பெயரிலேயே 2024இல் ஒரு படமும் வந்துவிட்டதால் இதை மேலும் விளக்கவேண்டியதில்லை.

விலை பற்றி இரண்டு கட்சிகள் உண்டு: இரும்புவாதிகள், வண்டிவாதிகள். வாங்குபவர் எப்போதும் இரும்புவாதி. இது வெறும் ஐந்து கிலோ பழைய இரும்பு என்பது அவர் சித்தாந்தம். விற்பவர் வண்டிவாதி. நூல்கண்டை எடுத்துக் காட்டிய கணத்தில் வாங்குபவர் தம் கட்சியைத் தாமே காட்டிக்கொடுத்தவர் ஆகிறார். இரும்புக்கு யாரும் நூல் பிடிப்பதில்லை. வழக்கமான தர்க்கம் பின்வருமாறு நடைபெறும்.

“பாய், இது இன்னா வெல?”

“ஹெர்குலிஸ் தம்பி. பெல் வண்டி. எட்டுநூறு குடு.”

“எடைக்குப் போட்டா நூத்தம்பதுகூட வராதே பாய்.”

“எடைக்கே வேணுமா? தாராளமா எடுத்துக்கோ. டேய், அந்தப் பிளேடு எடுடா, நாலா அறுத்துக் குடுத்துடலாம்.”

இதற்கு மறுப்பு எந்த நூலிலும் இல்லை. ஐந்நூற்றில் முடியும்.

கட்டுமானம் சுருக்கமானது. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்தால் பாதி நட்டுகள் வரும். மீதியை உளி எடுக்கும். செயின் பக்கத்து பி.பி. கப்பும் இடது பெடலும் தலைகீழ்த் திருகு. இதை மறந்து பலங்கொண்டமட்டும் திருப்பியவர்களின் உள்ளங்கைகளே சான்று. பேரிங் பால்ஸை எண்ணிப் போடவேண்டும். முன்னே 44 பல், பின்னே 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும்.

கால் ஓயாத வண்டியாக மாற்றுவதில்தான் உயிர்ப்பிரச்சினை. முறையான டிராக் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளிப்பக்கமாக, எதிர்த்திருகில் ஒரு பூட்டு வளையம் இருக்கும். சாதாரண ஹப்பில் அது இல்லை. வெறும் பல்சக்கரத்தை ஏற்றினால், வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி அழுத்தியதும் அது கழன்று ஓடிவிடும், குறைக்கவேண்டிய நேரத்தில்தான். உள்ளூர்த் தீர்வு, பிரீவீலையே வெல்டு வைத்துவிடுவது. பின்பக்கமாக ஓட்டிக் காட்டும் சர்க்கஸ்காரர்களும் கால் ஓயாத வண்டியையே விரும்புவர். ஆனால் வெல்டு பல்லைத்தான் பூட்டும், திருகைப் பூட்டாது. ஆகவே முன்சக்கரத்தில் ஒரு பிரேக் அவசியம். இதனால் வண்டி டிராக் இலக்கணத்திலிருந்து வழுவுகிறது; ஓட்டுபவர் உடைந்து போவதைவிட இலக்கணம் உடைவது மேல்.

வெள்ளோட்டத்துக்கு ஏரிக்கரை உகந்தது. மைல் கணக்கில் நீளும், சிக்னல் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். விழுந்தால் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வசதி. பழக்கதோஷத்தில் பெடலை நிறுத்தும் முதல் தடவை, பெடல் காலைத் தூக்கி, கால் ஆளைத் தூக்கி, சீட்டுக்கு அரையடி மேலே ஒரு கணம் நிறுத்திவைக்கும். கரையில் ஆடு மேய்ப்பவர் இதைப் பார்த்து, “செயின்ல எதுனா மாட்டிக்கிச்சா தம்பி?” என்று கேட்பார். இல்லை என்று விளக்கப் புகலாகாது.

கட்டி முடித்தபின் தரையில் மிஞ்சுவன: ராடு பிரேக் கம்பிகள், செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர், கழற்றிய காட்டர் பின்கள். இவற்றை ஒரு சாக்கில் கட்டி அதே கடைக்குக் கொண்டுபோனால் பாய் தராசில் வைப்பார். ஹெர்குலிஸ், பெல் வண்டி என்றெல்லாம் எடுத்துச் சொன்னால் தலைநிமிராமல் கேட்டுக்கொள்வார். எடைக்கல்லை மட்டும் மாற்றமாட்டார்.