கண்ணாடிச் சருமமும் ஒரகடத்து வெயிலும்

கேள்வி: 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கொரிய நிறுவனத்தின் சான்ட்ரோ கார் வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இப்போது கொரிய முகப்பூச்சுமா? பத்து அடுக்கு பூசினால் முகம் கண்ணாடியாகுமா?

பதில்: பத்து அடுக்கு என்பது விற்பனைக் கணக்கு, கொரியாவிலேயே பலர் மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பூச்சுகளில் சேர்க்கும் கொலாஜனின் மூலக்கூறு பெரியது. தோலுக்குள் நுழையாது, மேலே ஈரம் காப்பதோடு சரி. அவற்றில் சேர்க்கும் நத்தைச் சளியின் முக்கிய வேலையும் ஈரப்பதம் காப்பதுதான். உண்மையான சரக்கு சன்ஸ்கிரீன்: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. சுருக்கத்துக்கும் மங்குக்கும் புற ஊதாக் கதிர் பெருங்காரணம். வியர்வை வழியும் ஒரகடத்தில் கனத்த கிரீம் பருவை வளர்க்கலாம். லேசான ஜெல் போதும். வெளுப்பாக்கும் என்று விற்கும் பெயரில்லா டப்பாவில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.