பின்னறை வேட்டைக்காரர்

பர்பன் விஸ்கி வேட்டைக்காரர் அமெரிக்காவின் கென்டக்கி, ஒஹாயோ, வர்ஜீனியா வட்டாரங்களில் மதுக்கடை திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே வாசலில் நிற்பவர். வயது நாற்பதுக்கு முன்னே பின்னே. தொப்பியில் ஏதாவதொரு வடிசாலையின் பெயர் இருக்கும். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை லாரி வரும், பெட்டி இறங்கிப் பிரிக்கப்பட எவ்வளவு நேரமாகும், எந்த ஊழியருக்கு என்றைக்கு வார விடுப்பு என்பதெல்லாம் அவர் கைப்பேசியில் குறித்து வைத்திருப்பார். இவரைக் குடிகாரர் என்று சொல்வது அபாண்டம். மாதத்துக்கு இரண்டு சிறு கோப்பைக்கு மேல் குடிக்க இவருக்கு நேரமே கிடையாது.

இவரை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: “பின்னாடி ஏதாவது இருக்கா?”

கடையின் முன்பக்கம் முழுக்கப் புட்டிகள்தான். பர்பனுக்கு மட்டுமே சுவர் நீளத்துக்கு அடுக்கு இருக்கும். வேட்டைக்காரர் அதைத் திரும்பியும் பாராமல் நேரே கல்லாவுக்குப் போவார். கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருப்பது நல்ல சரக்காக இருக்க முடியாது என்பது இவருடைய சித்தாந்தம். நல்லதெல்லாம் பின்னறையில், பிரிக்காத அட்டைப்பெட்டியில், கடைக்காரரின் மனத்துக்கு உகந்த யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறது. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை. பிளான்டன்ஸ், வெல்லர், ஈ.எச். டெய்லர் போன்ற அரிய பர்பன்கள் மொத்த வியாபாரியிடமிருந்து கடைக்கு இத்தனை என்று எண்ணித்தான் வருகின்றன. கடைக்காரர்கள் அவற்றை ஒதுக்கி வைப்பதும் உண்டு. மற்றப் பாதிதான் தொல்லை.

கேட்கும் முறையில் படிநிலைகள் உள்ளன. புதியவர் நேராகக் கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சில மாதம் பழகியவர் அப்படிக் கேட்கமாட்டார். முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவார். அடுத்தது கல்லூரிக் கூடைப்பந்து. அதற்கடுத்து, வியாபாரமெல்லாம் எப்படி. பெண் பார்க்க வந்த வீட்டில் நிலபுலன் விசாரிக்கும் பெரியவரைப் போலப் பேச்சு நாலு தெரு சுற்றிவிட்டு, “அப்புறம்... இந்த வாரம் லாரி வந்துதா?” என்று வந்து நிற்கும். இன்னும் தேறியவர் மாமனாரைத் துணைக்குக் கொண்டுவருவார். மாமனார் பணி ஓய்வு பெறுகிறார், அவருக்குப் பிளான்டன்ஸ் என்றால் உயிர், ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். இந்த மாமனார் ஒரே ஊரில் ஆறு கடைகளில் ஆண்டுக்கு மூன்று முறை ஓய்வு பெறுகிறவர்.

உச்ச நிலையில் கேள்வியே கிடையாது. கல்லாவில் ஒரு பீர்ப் பெட்டியை வைத்துவிட்டு, வேட்டைக்காரர் பின்னறைக் கதவைப் பார்த்துப் புருவத்தை லேசாக உயர்த்துவார். ஊழியர் இல்லை என்று தலையாட்டுவார். அவ்வளவுதான். எத்தனையோ நாள் பழகிப் பெற்ற இந்த உரிமையை வேட்டைக்காரர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார். புட்டி கிடைத்ததா என்று கேட்டால், அதற்கும் அதே தலையாட்டல்தான்.

ஊழியர் தரப்பையும் சொல்லவேண்டும். அவர் மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் இளைஞர். பின்னறையில் இருப்பவை ஒரு துடைப்பம், காலி அட்டைகள், உடைந்த தள்ளுவண்டி, அவருடைய மதியச் சாப்பாடு. இதே கேள்விக்குக் காலையிலிருந்து இல்லை, இல்லை என்று சொல்லி அவருக்கு வாய் வலிக்கிறது. ஆனால் வேட்டைக்காரரின் காதில் இல்லை என்பது “உங்களுக்கு இல்லை” என்றுதான் விழும். எனவே உறவை வளர்க்கப் பணம் செலவழிப்பார். இதை வாங்கினால் அதைத் தருகிறேன் என்று கட்டி விற்கும் கடைகளும் உண்டு. அப்படிச் சேர்ந்த வோட்கா, ரம், யாரும் தொடாத ஒரு பச்சை நிறப் புதினா மது எல்லாம் இவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நிற்கும். எழுபது டாலர் புட்டிக்காக முந்நூறு டாலர் கொடுத்ததை இவர் ஒருபோதும் விலையில் சேர்ப்பதில்லை. சீட்டு விலைக்கே கிடைத்தது என்றுதான் சொல்வார்.

பற்றாக்குறை வந்த கதை எளிது. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்கர்கள் வோட்கா பக்கம் சாய்ந்தார்கள்; பர்பன் தாத்தாக்களின் பானமாயிற்று. வடிசாலைகள் மூடப்பட்டன. லூயிவில் அருகே இருந்த புகழ்பெற்ற ஸ்டிட்சல்-வெல்லர் 1992-இல் வடிப்பதை நிறுத்தியது. புதிய நூற்றாண்டில் கிராக்கி திரும்பி வந்தபோது, கிடங்கில் இருந்தது மந்தமான காலத்தில் பயந்து பயந்து போட்டு வைத்த சரக்கு. பன்னிரண்டு ஆண்டு விஸ்கியை அவசரமாகத் தயாரிக்க வழியில்லை. போட்டதுகூட முழுதாகத் திரும்பி வராது. கென்டக்கி வெப்பத்தில் ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் பீப்பாயின் மரத்தைத் தாண்டி ஆவியாகிப் போய்விடும். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். தேவதைகள் யாரும் கடை வாசலில் நிற்பதில்லை.

தட்டுப்பாட்டுக் காலத்தில், 2013 பிப்ரவரியில், மேக்கர்ஸ் மார்க் நிறுவனம் இருப்பை நீட்டிக்கத் தன் சரக்கின் ஆல்கஹால் அளவை 45 சதவீதத்திலிருந்து 42-க்கு இறக்கப்போவதாக அறிவித்தது. குடிப்பவர்கள் கொதித்தார்கள்; ஒரு வாரம் போலத்தான் ஆயிற்று, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2016-இல் எலைஜா கிரெய்க் பர்பனின் அட்டை, 12 ஆண்டு என்ற முதிர்வு எண்ணை இழந்தது. அதே ஆண்டு நாப் கிரீக் பர்பனின் அட்டையிலிருந்து 9 ஆண்டு காணாமல் போய், 2020-இல் திரும்பி வந்தது. இந்தத் தேதிகளை வேட்டைக்காரர் உறக்கத்திலும் ஒப்பிப்பார். மனைவியின் பிறந்தநாளுக்கு மட்டும் கைப்பேசி மணியடிக்க வேண்டும்.

அரசே மதுவை விற்கும் மாநிலங்களும் அமெரிக்காவில் இருக்கின்றன. அந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் அரிய புட்டிகளுக்குக் குலுக்கல் உண்டு. பரிசு என்பது, பணம் கொடுத்து வாங்கும் உரிமை. ஓரிகன் மாநிலத்தில் மதுத் துறையின் உயர் அதிகாரிகள் சிலர் பாப்பி வான் விங்கிள் போன்ற அரிய பர்பன்களைத் தங்களுக்கென்று எடுத்து வைக்கச் சொன்னது 2023-இல் வெளியே வந்தது. அவர்களும் பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். வரிசையில் நிற்கவில்லை, அவ்வளவுதான். பின்னறைச் சித்தாந்தம் நிரூபணமானதில் வேட்டைக்காரருக்கு அன்று பரம திருப்தி.

கிடைத்த புட்டிக்கு நடப்பது வேறு. முதல் படம் காருக்குள்ளேயே எடுக்கப்படும்: மடியில் புட்டி, பின்னால் ஸ்டீரிங். அடுத்த படம் வீட்டு அலமாரியில். பிளான்டன்ஸ் என்றால் மூடியையும் தனியாக எடுக்கவேண்டும். ஒற்றைப் பீப்பாய்ச் சரக்காக 1984-இல் வந்த அந்தப் புட்டியின் மூடியில் குதிரையும் சவாரிக்காரரும் இருப்பார்கள். மொத்தம் எட்டு வகை, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. எட்டும் சேர்ந்தால்தான் பெயர் முழுமையாகும், குதிரையும் ஓடி முடிக்கும். வேட்டைக்காரரிடம் ஒரே எழுத்து நான்கு இருக்கும், ஒன்று மட்டும் இருக்காது. அந்த ஓர் எழுத்துக்காக மூன்று மாவட்டம் தாண்டிப் போவார். புட்டியைத் திறப்பது குறித்துக் கேட்டால், நல்ல நாள் வரட்டும் என்பார். மகள் பட்டம் வாங்கினாள், மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று, அன்றெல்லாம் பீர்தான்.

இங்கே ஒரு புகாரைச் சொல்லாமல் விடமுடியாது. வெல்லர் ஒரு காலத்தில் கீழ்த்தட்டுச் சரக்கு. மெக்கானிக்கும் பள்ளி ஆசிரியரும் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு முன் ஒரு கோப்பை ஊற்றிக்கொள்ள வாங்கியது. சோளத்தோடு ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்ப்பதால் குணம் சாது. பஃபலோ டிரேஸ் வடிசாலையில் பாப்பி வான் விங்கிளும் இதே தானியக் கலவையில்தான் வடிகிறது என்ற செய்தி பரவியது. பாப்பிக்குக் கள்ளச் சந்தையில் ஆயிரக்கணக்கில் டாலர். உடனே வேட்டைக்காரர், வெல்லர் 12-ஐயும் வெல்லர் 107-ஐயும் கலந்தால் ஏழையின் பாப்பி தயார் என்று கண்டுபிடித்து, ஊருக்கெல்லாம் சொல்லி, அடுக்கைக் காலி செய்தார். ஏழைக்குப் பாப்பியும் இல்லை, வெல்லரும் இல்லை. வாங்கியவராவது குடித்தாரா என்றால் அதுவும் இல்லை. பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. உரிமம் இல்லாமல் தனியார் மது விற்பது பெரும்பாலும் சட்டவிரோதம் என்பதால் விற்கவும் அஞ்சுவார். இவர் குடிக்கவும் மாட்டார், குடிக்கிறவருக்கு விடவும் மாட்டார். விலை ஏறிவிட்டது என்று முதலில் அலுத்துக்கொள்பவரும் இவரே.

குறைந்த விலையில் நல்ல பர்பன் வேண்டுவோருக்குச் சட்டமே காவல். தானியத்தில் 51 சதவீதமாவது சோளம் இருக்கவேண்டும், புதிதாகச் செய்து உட்புறம் கரியாக்கிய ஓக் கலத்தில்தான் வைக்கவேண்டும், ஆல்கஹால் 62.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பீப்பாயில் ஊற்றக்கூடாது. நிறமோ மணமோ சேர்க்கக்கூடாது. பதினைந்து டாலர் புட்டிக்கும் ஆயிரம் டாலர் புட்டிக்கும் விதி ஒன்றுதான். இதற்கு மேல் உத்தரவாதம் தருவது 1897-ஆம் ஆண்டுச் சட்டம். போலிச் சரக்கு மலிந்திருந்த காலத்தில் வந்தது அது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று அட்டையில் இருந்தால் ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசுக் கண்காணிப்புள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு, சரியாக 50 சதவீத ஆல்கஹால் என்று பொருள். எவான் வில்லியம்ஸ் வெள்ளை அட்டை இந்த வகை. பல மாநிலங்களில் இருபது டாலருக்குப் பக்கத்தில் கிடைக்கும். ஓல்டு கிராண்ட்-டேட் பாண்டட், ரை தானியம் சற்றுத் தூக்கலாக, மிளகுக் காரத்தோடு இருக்கும். வைல்டு டர்கி 101 பாண்ட் வகையல்ல, ஆனால் 50.5 சதவீதம், தண்ணீர் விட்டாலும் சுவை நீர்த்துப் போகாது. இவையெல்லாம் முழங்கால் உயரத்தில் தூசியோடு நிற்பவை.

குடிக்கும் முறையில் மர்மம் ஒன்றுமில்லை. கோப்பை எதுவானாலும் சரி. 50 சதவீதச் சரக்கில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் எரிச்சல் அடங்கி, கரியான ஓக்கிலிருந்து வந்த வனிலாவும் கருகிய சர்க்கரையும் மேலே வரும். கோடையில் பனிக்கட்டி போட்டால் யாரும் வழக்குத் தொடரமாட்டார்கள்.

இதெல்லாம் வேட்டைக்காரருக்குத் தெரியாது என்று நினைக்கவேண்டாம். அடுக்கின் முன் விழித்து நிற்கும் புதியவர் யாராவது, “இருபது டாலருக்குள்ள எது நல்லது?” என்று கேட்டுவிட்டால் ஆள் மாறிவிடுவார். முழங்காலிட்டு உட்கார்ந்து, கீழ்த்தட்டிலிருந்து வெள்ளை அட்டைப் புட்டியை எடுத்துத் துடைத்து, 1897-இல் தொடங்கி முக்கால் மணி நேரம் விளக்குவார். சொல்வதில் ஒரு பிழை இருக்காது. அதில் ஒரு சதம்கூட அவருக்கு ஆதாயம் இல்லை. கல்லா ஊழியரின் தங்கை எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள் என்பதும் இவருக்குத் தெரியும். முதலில் காரியமாகத்தான் விசாரித்தார்; இப்போது உண்மையாகவே கவலைப்படுகிறார். இப்படிப்பட்டவரை முழுதாக வெறுக்க முடியாமல் போவதுதான் சங்கடம்.

காலமும் மாறிவிட்டது. கென்டக்கியின் மக்கள்தொகை சுமார் 45 லட்சம். 2024-இல் அங்கே கிடங்குகளில் முதிர்ந்துகொண்டிருந்த பர்பன் பீப்பாய்கள் 1.4 கோடிக்கு மேல். தட்டுப்பாட்டைப் பார்த்து எல்லாரும் வடித்தார்கள். சரக்கு முதிரும் நேரத்தில் வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். தன் கிளெர்மான்ட் முதன்மை வடிசாலையில் 2026-இல் வடிப்பதை நிறுத்திவைக்கப்போவதாக 2025 டிசம்பரில் ஜிம் பீம் அறிவித்தது. ஒரு காலத்தில் பின்னறையில் இருந்த புட்டிகளில் சில இப்போது சில கடைகளின் முன் அடுக்கிலேயே விலைச் சீட்டோடு நிற்கின்றன. வேட்டைக்காரர் அவற்றைப் பார்க்கிறார். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். இப்படித் திறந்த வெளியில் கிடக்கிறதென்றால் இதில் ஏதோ கோளாறு இருக்கவேண்டும் என்று திரும்ப வைத்துவிட்டுக் கல்லாவை நோக்கி நடக்கிறார்.

அவர் வைத்துவிட்டுப் போன புட்டியை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். சீட்டில் உள்ள விலைக்கு மேல் கொடுக்கவேண்டாம். வாங்கிய அன்றே திறந்துவிடவும்.