இலவசச் சூரியன்

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர். குளிர்காலம் வந்தால் அமெரிக்க ஓய்வூதியர்கள் கேம்பர் வண்டிகளோடு அங்கே வந்து குவிகிறார்கள். கூரையில் சோலார் பேனல்; கரண்ட் பில்லிலிருந்து விடுதலை! அதற்காக நல்ல கூரையில் துளை போட்டுத் திருகு முடுக்கி, ஒழுகாதிருக்க ஒவ்வொரு திருகின் தலையிலும் பசையை அப்புகிறார்கள். ஏசி பெட்டியின் நிழல் பேனல் ஓரத்தில் விழுந்தாலே மின்சாரம் படுத்துவிடும்.

மார்ச்சில் வெயில் ஏறியதும்தான் வேடிக்கை. நிழலில் நிறுத்தினால் பேட்டரி பட்டினி. வெயிலில் நிறுத்தினால் பேட்டரி நிரம்பும், ஆள் வெந்துபோவார். ஏசி போடலாமென்றால் அது ஆயிரம் வாட்டுக்கு மேல் கேட்கும். 200 வாட் பேனல் எந்த மூலைக்கு? ஆகவே ஜெனரேட்டர் உறுமுகிறது. சூரியனார் சம்பளம் கேட்பதில்லைதான்; அவருடைய உதவியாளருக்குத்தான் பெட்ரோல் ஊற்றி மாளவில்லை.