கெட்ட அரிசிக்குக் கட்டிய டவர்

எழுபதுகளின் நடுவில், அரிசியிலிருந்து எரிபொருள் எடுக்கப்போகிறோம் என்று சொன்னபோது என் வீட்டிலேயே முகம் சுளித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் பாதி நாளைக் கழித்த தலைமுறை அது. அமெரிக்கக் கப்பலில் வந்த கோதுமையைத் தின்று அறுபதுகளைக் கடந்தவர்கள். 1967ல் படி அரிசி ஒரு ரூபாய் என்ற வாக்குறுதிக்கு ஒரு தேர்தலின் போக்கையே மாற்றும் பலம் இருந்தது. சோற்றை எரிப்பதா என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருந்தது: இது சோறாக முடியாத அரிசி, அம்மா.

உண்மையும் அதுதான். மழைநீர் புகுந்த ஒரு கிடங்கிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த மூட்டைகள் அவை. பூஞ்சை பிடித்து, கட்டி தட்டி, பிரித்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். 1973க்குப் பிறகு பெட்ரோல் விலை எகிறிப்போயிருந்தது. புதைகுழிக்குப் போகும் இந்த அரிசியில் ஆல்கஹால் எடுத்துக் காட்டினால் என்ன என்று எங்கள் பேராசிரியர் கேட்டார். ஆல்கஹாலைப் பெட்ரோலோடு கலப்பது புதிதல்ல. அதற்கென்று 1948லேயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது. ஆனால் அந்த ஆல்கஹால் கரும்பாலை மொலாசஸில் வந்தது. தானியத்தைத் தொட யாருக்கும் துணிவில்லை.

1971ல் தளர்ந்த மதுவிலக்கு 1974ல் மறுபடி இறுகியிருந்த சமயம் வேறு. ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஊறல் போட அனுமதி வாங்குவது சாதாரணக் காரியமா? வடிந்த ஒவ்வொரு லிட்டருக்கும் பதிவேடு, பூட்டு, அரக்கு முத்திரை. அந்தக் கெடுபிடி நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சட்டியில் காய்ச்சுவதாக இருந்தால் வேலை எளிது. ஊற்று, கொதிக்கவிடு, வடி, இறக்கு, கழுவு, மறுபடி ஊற்று. ஒவ்வொரு முறையும் அத்தனை சூடும் வீண். தொடர்ந்து ஓடும் டவர் வேண்டும் என்றார் பேராசிரியர். அயர்லாந்தில் கலால் வரி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஈனியஸ் காஃபி 1830ல் காப்புரிமை வாங்கிய அமைப்புதான் அதற்கு மூலம். அவருடைய சொந்த நாட்டு விஸ்கிக்காரர்கள் அதை ஒதுக்கினார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தானிய ஊறல் மேலிருந்து தட்டுத் தட்டாக இறங்கும். நீராவி கீழிருந்து ஏறும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் கலந்து பிரியும்போது ஆல்கஹால் ஆவியோடு மேலே போகும், தண்ணீரும் சக்கையும் கீழே தங்கும். உள்ளே வரும் குளிர்ந்த ஊறலையே வெளியேறும் ஆவியைக் குளிர்விக்கப் பயன்படுத்தினார் காஃபி. ஊறல் சூடாகிவிடும், ஆவி குளிர்ந்துவிடும், விறகும் மிச்சம். அந்த யோசனையை முதன்முதலில் வரைபடத்தில் பின்தொடர்ந்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

எங்கள் டவர் ஆறங்குல அகலம், ஆளைவிட உயரம். பட்டறை ஃபோர்மேன் கும்பகோணத்துக் கன்னார் குடும்பத்தில் பிறந்தவர். செம்புத் தகட்டை வட்டமாக வெட்டி, தட்டிச் சமன் செய்து, துளை போட்டுத் தந்தார். மொலாசஸ் ஊறல் என்றால் திரவம்தான். அரிசி ஊறலில் கரையாத பிசிறு நிறைய. சின்னத் துளைகளை அது அடைத்துவிடும். அடைத்தால் நீராவி ஏற வழியின்றி ஊறல் தட்டுகளில் தேங்கி, டவர் உள்ளுக்குள் குமுறும். ஃபோர்மேன் தகட்டைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, “துளையைப் பெருசாக்கிடலாம் தம்பி, ஆனா ஆவி கொஞ்சம் தளர்ந்தாலும் எல்லாம் கீழ ஒழுகிடும், பாத்துக்கோ” என்றார். புத்தகத்தில் பல பக்கம் ஓடும் விஷயம் அது. பெரிய துளைதான் போட்டோம். அதனால் பாய்லர் அழுத்தத்தை ஆடாமல் வைத்திருப்பது ஒருவருக்கு முழுநேர வேலையானது.

உச்சியில் இருந்த தெர்மாமீட்டர்தான் எங்களுக்கு எல்லாம். சுத்த ஆல்கஹால் 78 டிகிரி சொச்சத்தில் கொதிக்கும். முள் அந்த இடத்தை விட்டு ஏறினால் தண்ணீர் கூடவே ஏறி வருகிறது என்று அர்த்தம். வடிந்ததில் ஒரு பகுதியைத் திருப்பி மேல்தட்டில் விட்டால் முள் இறங்கும். எப்படி வடித்தாலும் 95 சதவீதத்தை ஒட்டி ஆல்கஹாலும் தண்ணீரும் பிரியாமல் நின்றுவிடும். சாதாரண டவருக்கு எல்லை அதுதான்.

சக்கையை மாட்டுக்குப் போடக் கூடாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொன்னார். அதற்குச் சற்றுமுன், 1974ல், ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று பலர் இறந்திருந்தார்கள். அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சின் ஆவியோடு போகாது, சக்கையிலேயே தங்கிச் செறிந்துவிடும். எங்கள் சக்கை முழுவதும் உரக்குழிக்குப் போனது.

சமீபத்தில் ஒரு தானிய எத்தனால் ஆலையைப் பார்க்கப் போயிருந்தேன். சுற்றிக்காட்டிய இளம் பொறியாளர் கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். தானியத்தை மாவாக்கி, என்சைம் போட்டுக் கூழைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் விட்டுப் புளிக்கவைக்கிறார்கள். வெற்றிடத்தில் ஓடும் டவர், குறைந்த சூட்டிலேயே வேலை முடிந்துவிடுகிறது. 95க்கு மேல் போக முடியாமல் நாங்கள் நின்ற இடத்தில், மிச்சத் தண்ணீரை மாலிக்குலர் சீவ் உறிஞ்சிக்கொள்கிறது. பாய்லர் அழுத்தத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. சக்கை உலர்ந்து தீவனமாக மூட்டை ஏறுகிறது. ஊறல் மேலிருந்து இறங்க ஆவி கீழிருந்து ஏறும் காஃபியின் ஏற்பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

“என்ன அரிசி இது?” என்று கேட்டேன்.

“உணவுக் கழக அரிசி சார். நல்ல அரிசிதான்.”

கையில் அள்ளிப் பார்த்தேன். உலை வைத்தால் சோறாகும் அரிசி.

2018ன் உயிரி எரிபொருள் கொள்கை கெட்ட தானியத்துக்குக் கதவைத் திறந்தது. அது எங்கள் கனவு. உபரி என்று அறிவிக்கப்பட்ட தானியத்துக்கும் அதே கொள்கையில் இடம் இருந்தது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கு 2030லிருந்து முன்னால் இழுக்கப்பட்டு 2025ல் எட்டப்பட்டது. நடுவில், 2023 ஜூலையில், அரிசி விலை பற்றிய கவலையில் ஆலைகளுக்கு அரிசி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே திரும்பத் திறந்தார்கள். 2025ல் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு 52 லட்சம் டன் வரை ஒதுக்கினார்கள். அந்த அரிசியை வாங்கி, சேமித்து, அனுப்ப அரசுக்கு ஆகும் செலவு அதைவிட மிக அதிகம்.

ஒரு டன் அரிசியில் சுமார் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். 35 லிட்டர் பெட்ரோல் போடும் காரில் 7 லிட்டர் எத்தனால். அதை அரிசியில் எடுத்திருந்தால் 15 கிலோவுக்கு மேல் போயிருக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருக்கு மாதம் தருவது 5 கிலோ. மூன்று பேருடைய ஒரு மாத அரிசி, ஒரு டேங்கில்.

கிடங்குகள் நிரம்பி வழிகின்றன, அது உண்மை. எலிக்கும் ஈரத்துக்கும் போவதைவிட எத்தனாலாவது மேல் என்பவர்களின் வாதத்தை நான் தள்ளவில்லை. எத்தனால் ஆலைகள் வாங்குவதால் மக்காச்சோளத்துக்கும் விலை கூடியதில் விவசாயிக்கு நன்மை உண்டு. அதே விலைதான் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களின் தீவனச் செலவை ஏற்றியது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024ல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது.

எனக்கு டவர் மேல் கோபம் இல்லை. நனைந்ததும், பூஞ்சை பிடித்ததும், ஆலையில் உடைந்து சாப்பாட்டுக்கு ஆகாத நொய்யும் போய்ச்சேர வேண்டிய சரியான இடம் அதுதான். ஆகவே கொள்கை வகுப்பவர்களிடம் என் கோரிக்கை இது: கெட்டுப்போன தானியம் எங்கே எவ்வளவு கிடக்கிறது என்று ஒவ்வொரு கிடங்கிலும் முதலில் கணக்கெடுங்கள். அதை ஆலைக்கு அனுப்புங்கள். அது தீர்ந்தபிறகும் அரிசி மிஞ்சினால், ஏழைகளின் 5 கிலோவைக் கூட்டிக் கொடுங்கள். உலை வைக்கக்கூடிய அரிசியை டவருக்கு அனுப்புவது கடைசியாகத்தான் இருக்க வேண்டும்.