எந்த டாக்டர் அனுப்பினார்?

ஸ்கேன் சென்டர் வரவேற்பு மேசையில் முதல் கேள்வி "எங்கே வலி?" இல்லை. "எந்த டாக்டர் அனுப்பினார்?" என்பதுதான். நோயாளியின் வயதை முன்னே பின்னே போட்டுக்கொள்ளலாம். டாக்டர் பெயரில் ஓர் எழுத்து பிசகக் கூடாது. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்.

செங்கல் சுமக்கிற சித்தாள் பெண்ணுக்கு நாலு நாளாக இடுப்புப் பிடிப்பு. டாக்டர் அவர் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை, முதுகில் விரல் வைக்கவில்லை, "மூத்திரம் ஒழுங்கா போகுதா?" என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கெல்லாம் நேரமாகும், வெளியே டோக்கன் காத்திருக்கிறது. "எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாம்மா." பத்து நாள் கூலி. காதுத் தோடு அடகுக் கடைக்குப் போகிறது.

கக்கத்தில் இடுக்கிய பெரிய கவரோடு அவர் திரும்பி வர, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தீர்ப்புச் சொல்கிறார்: "ஜவ்வு விலகியிருக்கு. இனிமே குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது." குனியாமல், தூக்காமல் சித்தாள் வேலை பார்க்கும் வித்தையை மட்டும் சொல்லித்தரவில்லை. ரிப்போர்ட்டின் அடியில், நேரில் பரிசோதித்ததோடு பொருத்திப் பார்க்கவும் என்று ஒரு வரி கிடக்கிறது. பாவம், எழுதிய ரேடியாலஜிஸ்ட் வெள்ளந்தி. பரிசோதனை நடந்திருக்கும் என்று நம்பிவிட்டார்.

வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 1994இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 52 சதவீதம் பேருக்கு அந்த ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கியிருந்தது. வலியில்லாத 3,110 பேரின் படங்களை அலசிய தொகுப்பு 2015இல் வந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம். தலைமுடி நரைப்பது மாதிரி முதுகுக்குள் நடக்கிற சங்கதி இது. நரைக்குச் சாயம் விற்கிறவன்கூட அதை நோய் என்று சொல்லி விற்பதில்லை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம் மிச்சமிருக்கிறது.

ஸ்கேனே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கால் வலுவிழந்தால், மூத்திரம் அடைத்துக்கொண்டால், காய்ச்சலோடு வலித்தால், ஏற்கெனவே புற்றுநோய் வந்திருந்தால், பலமாக அடிபட்டிருந்தால் தாமதிக்காமல் எடுக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு முதல் ஆறு வாரத்துக்குப் படம் வேண்டாம் என்று அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சங்கம் 2012இலேயே சொல்லிவிட்டது. பெரும்பாலோருக்கு அதற்குள் வலி தணிந்துவிடும். அதுதான் ஆபத்தே. தானாகத் தணிகிற வலியில் யாருக்கு என்ன கிடைக்கும்? ஆறாத புண்தான் அட்சய பாத்திரம்.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "நடங்க, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புகிற டாக்டரை, ஒரு ஸ்கேன்கூட எழுதத் தெரியாதவர் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு அடுத்த கிளினிக் ஏறுகிறோம்.

நோயாளியை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கறாராகச் சொல்கிறது. சட்டம் அதுபாட்டுக்கு இருந்தது, கமிஷன் கவரும் அதுபாட்டுக்கு நடந்தது. 2017இல் பெங்களூரின் சில பரிசோதனை மையங்களில் வருமான வரித்துறை சோதனை போட்டது. எம்.ஆர்.ஐ.க்கு 35 சதவீதம், சி.டி.க்கும் லேப் பரிசோதனைக்கும் 20 சதவீதம் டாக்டர் கமிஷன் என்று துறையே அறிவித்தது. கணக்கில் அதற்கு இட்ட பெயர் மார்க்கெட்டிங் செலவு. கவனியுங்கள்: இதைக் கண்டுபிடித்தது மருத்துவ கவுன்சில் அல்ல. வரி கட்டாத பணத்தைத் தேடிப் போனவர்கள் கையில் தற்செயலாக அகப்பட்டது. அந்தப் பணத்துக்கு ஒழுங்காக வரி கட்டியிருந்தால், யார் முதுகிலிருந்து உரித்தது என்று கேட்க நாதி இருந்திருக்காது.

ஆகவே ஆட்சியாளர்களே, கமிஷனை ஒழிக்கச் சொல்லி உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம். ரசீதில் ஒரே ஒரு வரி கூடுதலாக அடிக்கச் சொல்லுங்கள்: 'இதில் டாக்டருக்கு இவ்வளவு.' பெங்களூர் ரேட்டில் பார்த்தால், அந்தப் பெண்ணின் பத்து நாள் கூலியில் மூன்றரை நாள். இத்தனை செங்கல் யார் வீட்டுக்குச் சுமந்தோம் என்று அவரே எண்ணிக்கொள்வார். அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம்.