வாட்ஸ்அப்பில் மகரமெய் தனித்து வருதல்

காதில் சரியாக விழாதபோது நாம் கேட்கும் 'ஆங்?' என்ற ஒலி, உலகின் பல மொழிகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது என்று 2013இல் மார்க் டிங்கமான்ஸே, பிரான்சிஸ்கோ டொரெய்ரா, நிக் என்ஃபீல்டு என்ற மூன்று மொழியியலாளர்கள் கட்டுரை எழுதினார்கள். 2015இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது. 'ஆங்?' என்பதற்கே இந்த மரியாதை என்றால், தமிழர் கட்டைவிரலால் நாள் முழுக்கத் தட்டி அனுப்பும் 'ம்' என்பதை ஒருவரும் சீண்டாமல் இருப்பது முறையன்று. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

ஆய்வுக்களம் மேல்சித்தாமூர். விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். அதற்கும் வாட்ஸ்அப்புக்கும் என்ன சம்பந்தம் என்பாரும் உளர். அவர் தமிழ் இலக்கணத்துக்கும் சமணருக்கும் உள்ள சம்பந்தத்தை அறியாதவர். நன்னூல் செய்த பவணந்தி சமண முனிவர். யாப்பருங்கலக் காரிகையின் அமிதசாகரர் சமணர். நேமிநாதம் செய்த குணவீர பண்டிதரும் சமணர். அந்நூலுக்குப் பெயர் தந்த தீர்த்தங்கரர் நேமிநாதர் மயிலாப்பூர்க் கோயிலில் இருந்தவர். கடல் கோயிலைக் கொண்டுபோய்விடும் என்ற அச்சத்தில் மேல்சித்தாமூருக்கு எடுத்துவரப்பட்டார் என்பது சமண மரபு. நேமிநாதத்துக்குச் 'சின்னூல்' என்றும் ஒரு பெயர் உண்டு. சுருக்கத்தையே பெருமையாகக் கொண்ட ஓர் இலக்கணத்தின் கடவுள் குடியிருக்கும் ஊரைவிட, ஒற்றெழுத்துப் பதிலை ஆராயத் தகுந்த இடம் வேறில்லை.

முதல் சிக்கல், 'ம்' ஒரு சொல்லா என்பது. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழிகளை 42 என்று வரையறுக்கிறது. மகர வரிசையில் மா, மீ, மூ, மே, மை, மோ என ஆறு பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. 'ம்' வாசலிலேயே நிற்கிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, தனியாக நின்று பொருளும் தராது. பவணந்தி காலத்தில் ஒரு புள்ளியெழுத்து துணையில்லாமல் வெளியே நடமாடியதில்லை. இன்று இரவு பதினொரு மணிக்குத் தனியாக வந்து, நீல டிக் வாங்கி, ஒரு குடும்பத்தின் தூக்கத்தையும் கெடுத்துவிட்டுப் போகிறது.

அடுத்தது மாத்திரை. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. மெய்க்கு அதில் பாதி. மகரத்துக்கு மட்டும் அதிலும் பாதியாகும் ஒரு தனிச் சலுகை உண்டு: னகர, ணகர மெய்களுக்குப் பின்னாலும் வகரத்துக்கு முன்னாலும் அது கால் மாத்திரையாய்க் குறுகும். இதுவே மகரக்குறுக்கம், பள்ளியில் 'போன்ம்' என்று படித்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் மகரம் குறுக னகரமும் வேண்டாம், ணகரமும் வேண்டாம். முந்தின நாள் சண்டை போதும்.

'ம்ம்ம்' என்று நீட்டுவதைத் தட்டச்சுப் பிழை என்பர் சிலர். அற்றன்று, அது ஒற்றளபெடை. பத்து மெய்யும் ஆய்தமும் இசை குறையும் இடத்தில் அளபெடுக்கும் என்று இலக்கணம் அனுமதித்திருக்கிறது. அந்தப் பத்தில் மகரமும் ஒன்று. நன்னூல் கணக்கில் ஒற்றளபெடையும் 42. ஓரெழுத்து ஒருமொழியும் 42, ஒற்றளபெடையும் 42 என்ற இந்த ஒற்றுமையை வைத்தே ஒருவர் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். பயன்பாட்டு நோக்கில் சொன்னால், ஒற்றை 'ம்' கோபம்; இரட்டை 'ம்ம்' சம்மதம்; மூன்றைத் தாண்டினால் கல்யாணம் நிச்சயமானவர்கள்.

ஒற்றை 'ம்'முக்கு ஏன் இவ்வளவு காரம்? அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு ஆராய்ந்து, குறுஞ்செய்திப் பதிலின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால் படிப்பவருக்கு அது மனசார வந்ததாகத் தோன்றுவதில்லை என்று கண்டது. அவர்கள் சொல்லின் காலடியில் புள்ளி வைத்ததற்கே இந்தப் பாடு. நாம் எழுத்தின் தலையிலேயே வைத்து அனுப்புகிறோம். யூனிகோடும் இதற்கு உடந்தை: அதன் கணக்கில் 'ம்' என்பது மகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடு.

இனி இவ்வாய்வின் உண்மையான கண்டுபிடிப்பு. மற்றதெல்லாம் அதற்கு உரை. வாயால் சொல்லும் 'ம்' வேறு சாதி. பாட்டி கதை சொல்ல ஆரம்பித்தால், "ம் கொட்டுடா, அப்பத்தான் சொல்லுவேன்" என்பாள். 'ம்' நின்றால் பிள்ளை தூங்கிவிட்டான் என்று பொருள். ராஜகுமாரி பாதிக் காட்டில் நிற்பாள். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடத் தனியாக ஆளே வைத்திருக்கிறோம். பேசுபவரின் முறையைப் பறிக்காமல் கேட்பவர் இடையிடையே கொடுக்கும் இத்தகைய ஒலிகளுக்கு விக்டர் இங்வே என்ற மொழியியலாளர் 1970இல் ஒரு கலைச்சொல் உண்டாக்கினார். பாட்டி அதை 'ம் கொட்டுவது' என்று முன்பே முடித்துவிட்டாள். வாய் 'ம்' பேச்சின் நடுவில் வரும். வாட்ஸ்அப் 'ம்' எல்லாம் எழுதி முடித்து, அனுப்பி, காத்திருந்த பிறகு வரும். மேலே சொல்லு என்றிருந்த எழுத்து, போதும் நிறுத்து என்றாகிவிட்டது. எழுத்து மாறவில்லை, வந்து சேரும் நேரம்தான் மாறியது.

பொருளதிகாரத்துக்கு வருவோம். தமிழ்ச் சமண வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது ஒழுக்கம். மேல்சித்தாமூரில் ஓர் அம்மா, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு வெளிச்சம் இருக்கும்போதே "சாப்ட்டியாப்பா?" என்று போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்பதரை மணிக்குப் பதில் வருகிறது: "ம்".

இந்த 'ம்'முக்குக் காலம் இல்லை. சாப்பிட்டானா, சாப்பிடுகிறானா, இனிமேல்தானா தெரியாது. நன்னூலின் எட்டு வகை விடைகளில் இதை நேர்விடை என்று அம்மா எடுத்துக்கொள்வாள். மகன் அனுப்பியது உறுவது கூறல், அதாவது இனி நடக்கப்போவதைச் சொல்வது. ஆர்டர் போட்டிருக்கிறான், வண்டிக்காரர் சிக்னலில் நிற்கிறார். இலக்கணத்தால் தீராத இவ்வழக்கைத் தீர்க்கச் சமணத் தருக்கத்தின் சப்தபங்கியே வேண்டும். ஒரு பொருளை ஏழு விதமாகச் சொல்லலாம் என்பது அதன் கொள்கை. ஒருவகையில் உண்டு: மதியம் உண்டான். ஒருவகையில் இல்லை: ராத்திரி உண்ணவில்லை. ஒருவகையில் உண்டும் இல்லையும்: ரெண்டு பிஸ்கட், டீ. ஒருவகையில் சொல்லமுடியாதது: மீட்டிங்கில் இருக்கிறான். ஒருவகையில் உண்டு, ஆனால் சொல்லமுடியாது: வெங்காயம் போட்ட பிரியாணி. ஒருவகையில் இல்லை, அதையும் சொல்லமுடியாது: சொன்னால் உடனே போன் வரும். ஏழாவது, உண்டு, இல்லை, சொல்லவும் முடியாது: நண்பன் தட்டிலிருந்து எடுத்தது. ஏழையும் ஒரே சொல்லில் அடக்க அந்தக் காலத்துத் தருக்கவாதிகளுக்கே வாய்க்கவில்லை. பையன் ஒரு கையாலேயே சாதித்துவிட்டான்.

அம்மா அந்த ஏழில் முதலாவதை நம்பிப் படுக்கப் போகிறாள். இவ்விடத்தில் தருக்கமும் இலக்கணமும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்தே இல்லாத பதிலுக்கும் சட்டம் பொருள் கண்டிருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஆளிவிதை வாங்கும் நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி உறுதி செய்யச் சொன்னது. விவசாயி கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டார். பார்த்தேன் என்ற அர்த்தத்தில் போட்டேன் என்றார் அவர். சம்மதம் என்ற அர்த்தம்தான் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கு கொடுக்காததற்கு 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

கட்டைவிரலுக்கே இந்த விலை என்றால், புள்ளி வைத்த மகரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நம் ஊர் நீதிமன்றம் ஏதும் சொன்னதாக இவ்வாய்வாளர் கேள்விப்பட்டதில்லை. ஆகவே திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டை போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "நாளைக்கு மூட்டைய ஏத்திடட்டுமாண்ணா?" என்று வியாபாரியிடம் கேட்டு, அவர் "ம்" என்று போட்டால், வண்டி பேசிவிடாதீர்கள். போன் அடித்து, மூட்டைக்கு என்ன விலை என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள்.