உங்க பையன் எங்க இருக்கான்?

போன திங்கட்கிழமையிலிருந்து எங்கள் முதியோர் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் உட்கார வைக்கிறார்கள். வாசலில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. கையை விட்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். அதில் என்ன எண் இருக்கிறதோ அந்த மேசைதான் அன்றைக்கு நமக்கு விதித்தது. பழகிய ஆட்களுடனேயே உட்கார்ந்தால் நட்பு வட்டம் விரியாதாம். திட்டத்துக்கு 'நட்பு மேசை' என்று பெயர். சுற்றறிக்கையை லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று மாடி ஏறி இறங்கினாலும் படித்து முடிக்க முடியாத நீளம்.

அதில் பயமுறுத்தலும் உண்டு. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2023-ல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். மனிதத் தொடர்பு இல்லாமல் இருப்பது தினம் 15 சிகரெட் வரை பிடிப்பதற்கு ஈடாக ஆயுளைக் குறைக்கும் என்றது அது. அதை எங்கள் செயற்குழு சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. நான் சிகரெட்டை விட்டுப் பல வருஷமாகிறது. ஓரமாகத் தனியே உட்கார்ந்து நிம்மதியாக ரசம் சாதம் சாப்பிட்டால் 15 சிகரெட் என்றால், ஐந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து கிரீன் கார்டு கதை கேட்பது எத்தனை கட்டு பீடிக்குச் சமம் என்றும் யாராவது ஆராய்ந்து சொன்னால் தேவலை.

இதையெல்லாம் கொண்டுவந்தவர் எங்கள் செயலாளர் ஃபீனிக்ஸ் மாமா. ஃபீனிக்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது பக்கத்திலுள்ள சன் சிட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். 1960 ஜனவரி 1-ம் தேதி டெல் வெப் என்ற கட்டடக்காரர் அரிசோனாப் பாலைவனத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே திறந்த ஊர் அது. திறந்த வாரக்கடைசியில் லட்சம் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்களாம். வீட்டோடு சேர்த்து கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், கைவேலைக் கூடம், மன்றங்கள் எல்லாவற்றையும் காட்டித்தான் விற்றார். ஓய்வு என்றால் சும்மா இருப்பதில்லை, ஓடியாடிக்கொண்டே இருப்பது என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த புண்ணியவான் அவர்தான். சிறுவாணித் தண்ணீருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் ஆசைப்பட்டு கோயமுத்தூருக்கு வந்த நான், அவர் செய்த வினைக்கு இப்போது சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

'அறுபதுக்கு மேல் நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி' என்று எங்கள் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். என்னிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் செலவில்லாதவை. அவற்றைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

மேசையில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரை நிமிர்த்துவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "உங்க பையன் எங்க இருக்கான்?" பெயர் கேட்க மாட்டார்கள். ஊர் கேட்க மாட்டார்கள். சாம்பார் இந்தப் பக்கம் வரவில்லையே என்றுகூடக் கேட்க மாட்டார்கள். நானும் யோக்கியன் இல்லை. புது ஆள் வந்தால் என் வாயிலும் அதுதான் முதலில் வருகிறது. நீங்களும் கேட்பவர்தான், மறுக்க வேண்டாம்.

பதில் வந்த நிமிஷமே அவருக்கு நாமகரணம் ஆகிவிடும். டல்லாஸ் மாமா, மெல்போர்ன் மாமி, நியூ ஜெர்சி சார், சிங்கப்பூர் அம்மா. நியூ ஜெர்சியில் மூன்று பேர் இருப்பதால் எடிசன் நியூ ஜெர்சி, பிரின்ஸ்டன் நியூ ஜெர்சி என்று உட்பிரிவும் உண்டு. நான் ரயில் தபால் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டராக இருந்தவன். ராத்திரி வண்டியில் நின்றுகொண்டே ஊர் ஊராகக் கடிதங்களைப் பிரித்து அறைகளில் செருகியவன். இங்கே கடிதத்துக்குப் பதில் பெற்றோரைச் செருகுகிறார்கள். ஒரு வித்தியாசம், அங்கே கடிதம் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த அறை. இங்கே எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் பெற்றவன் இருக்கும் ஊர்.

அறைகளுக்குள் தராதரமும் உண்டு. உச்சியில் கலிபோர்னியா. அடுத்தது அமெரிக்காவின் மற்ற பகுதிகள். பிறகு லண்டன், சிட்னி, மெல்போர்ன். கனடா பனியால் கொஞ்சம் மதிப்புக் குறைவு. சிங்கப்பூர் ரொம்பப் பக்கம், நாலு மணி நேரத்தில் வந்துவிடலாம், அதனால் மட்டம். துபாயும் அப்படித்தான். பெங்களூர் என்று சொன்னால் மேசையில் ஒரு சின்ன மௌனம் வரும். "பரவாயில்லைங்க, பக்கத்துலயே இருக்காங்க" என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள்.

இது வெறும் பெருமை சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குடியிருப்பின் மொத்த வாழ்க்கையும் இதன்மேல்தான் ஓடுகிறது. கலிபோர்னியாப் பையன் ஆபீஸ் முடித்து வீட்டுக்கு வந்து கூப்பிடும்போது இங்கே காலை டிபன். சிட்னிப் பெண் சாயங்காலம் கூப்பிடும்போது இங்கே மத்தியானச் சாப்பாடு. சிங்கப்பூர்ப் பையன் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கூப்பிடும்போது இங்கே பஜனை. நியூ ஜெர்சிப் பையன் காலையில் கார் ஓட்டிக்கொண்டே கூப்பிடும்போது இங்கே விளக்கு வைக்கிற நேரம். ஆக, காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரை நாலு பேர் சேர்ந்து ஒரு கை சீட்டாடுவதற்கு எல்லோருக்கும் பொதுவான அரை மணி நேரம் கிடையாது. நடுவில் ஒருவர் போனை எடுத்துக்கொண்டு சிக்னலைத் தேடி மாடிப்படிக்கு ஓடிவிடுவார். துருப்பு யாரிடம் இருந்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது.

இதிலும் ஒரு ஒழுங்கு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிடுகிறார்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி முன்னால். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும். சிட்னியிலும் மெல்போர்னிலும் நேர் எதிர்; அக்டோபர் முதல் ஞாயிறே முன்னால் போய்விடுவார்கள். எந்த ஊரிலோ கடிகாரத்தைத் திருகினால் இங்கே ரசம் ஆறிப்போகிறது. கோடைகாலம் முழுக்க சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசி முடித்துவிட்டு ஏழு மணிக்குச் சாப்பிட வந்த நியூ ஜெர்சி கோஷ்டிக்கு, இந்த மாதத்திலிருந்து ஏழு மணிக்குத்தான் போன் வருகிறது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குத் தள்ள வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. ஆகவே சிங்கப்பூர் கோஷ்டி எதிர்த்தது. சிட்னி மாமி எழுந்து, போன மாதமே தனக்குப் போன் மத்தியானம் பன்னிரண்டரைக்கு வந்துவிட்டது, பருப்பு ஆறிப்போகிறது, அதற்கு யார் மனுக் கொடுத்தார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. இந்தியாவில் பொழுது எப்படியிருக்கிறது, நமக்கு எப்போது பசிக்கிறது என்ற பேச்சு கடைசிவரை எழவில்லை. பரிமாறுகிற பெண்தான் எட்டிப் பார்த்து, "கடைசி பஸ்சு எட்டரைக்குங்க" என்றாள். அதை யாரும் நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற்றவில்லை.

இந்தக் கூச்சலில் ஃபீனிக்ஸ் மாமா மட்டும் ஞானி மாதிரி அமர்ந்திருந்தார். பெரும்பாலான அரிசோனாவில் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. வருஷம் பூராவும் ஒரே நேரம். அவர் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி டிசம்பர் வரும். பிள்ளைகள் வருவார்கள். வந்தவர்களுக்கு ஜெட்லாக். அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றவர்களுக்கும் ஜெட்லாக். பேரப்பிள்ளைகள் பாட்டில் தண்ணீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கும். மேசை மேசையாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அந்த மாதத்தில் நட்பு வட்டம் யாருக்கும் வேண்டாம். நம்மைப் பார்த்துத் தலையாட்டக்கூட ஆளிருக்காது. ஜனவரி மூன்றாம் வாரம் எல்லோரும் விமானம் ஏறிய பிறகு, டப்பாவில் கை விடாமலே நம் மேசையைத் தேடி வருவார்கள். பாதாமும் சாக்லெட்டும் கொண்டுவருவார்கள். அப்போது கோபம் இருந்தாலும் நான் சாக்லெட்டை மறுப்பதில்லை.

என் பையன் ஈரோட்டில் இருக்கிறான். இங்கிருந்து நூறு கிலோமீட்டர். மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். பஸ்ஸில் ஏறி ஞாயிற்றுக்கிழமை வருவான், சாப்பிடுவான், போவான். இதில் கதை சொல்ல என்ன இருக்கிறது? வீஸா இல்லை, பனி இல்லை, நேர வித்தியாசம் இல்லை. "ஈரோடா? அப்ப ஏன் இங்க வந்து இருக்கீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கலிபோர்னியாவில் பையன் இருந்தால் இங்கே இருப்பது வாழ்க்கைமுறை. ஈரோட்டில் பையன் இருந்தால் இங்கே இருப்பது குடும்பத் தகராறு. அவர் பார்வை அன்று முழுக்க என் மருமகளைத் தேடிக்கொண்டிருந்தது.

நண்பர்களைச் சம்பாதிப்பதற்கு எங்களிடம் வேறு ஏற்பாடுகளும் இருக்கின்றன. காலை ஆறரைக்குச் சிரிப்பு மன்றம். 1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் மதன் கட்டாரியா என்ற டாக்டர் ஐந்து பேரோடு ஆரம்பித்தது. முதலில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்கள்; கொஞ்ச நாளிலேயே சரக்குத் தீர்ந்துபோய், காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் குடியிருப்பில் அந்த முதல் கட்டம் நடக்கவேயில்லை. நேராக இரண்டாவது கட்டத்துக்குப் போய்விட்டோம். சிரித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார், "உங்க பையன் எங்க?"

போன வருஷம் டொராண்டோ மாமா காலமானார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது, அவர் முப்பது வருஷத்துக்கு மேல் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். புல்லாங்குழல் வாசிப்பாராம். எதிரெதிர் அறைக்காரர்கள் நாங்கள். டொராண்டோவில் எந்த மாதம் எவ்வளவு பனி விழும், அவர் பையன் வீட்டு முன்னால் அதை அள்ள எந்த மிஷின் வாங்கினான், அது என்ன விலை, எல்லாம் எனக்கு அத்துப்படி. புல்லாங்குழல் மட்டும் தெரியாது. எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

வழிகளுக்கு வருகிறேன். அதற்குள் ஒன்று ஞாபகம் வருகிறது. நவம்பர் மாதமல்லவா, மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் பேங்குக்கு அலைவோம். இப்போது தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொடுக்கிறார். போன புதன்கிழமை வந்திருந்தார். வரவேற்பறையில் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். கைரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைக் காட்டும் முறை. போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும். எழுபது வயதுக்கு மேல் சொன்ன நேரத்தில் கண்ணைச் சிமிட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒருவர் சிமிட்ட, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் துணைக்குச் சிமிட்டினோம். செயற்குழு கூட்டாமலே சிரிப்பு மன்றம் நடந்தது. இந்த முறை காரணமும் இருந்தது.

அங்கே ஒருத்தர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் இவைதான்: எந்த டிபார்ட்மெண்ட், எந்த வருஷம் ரிட்டயர்மெண்ட், ஏழாவது சம்பளக் கமிஷனில் எவ்வளவு ஏறியது, கம்யூடேஷன் பிடித்தம் பதினைந்து வருஷம் முடிந்து நின்றுவிட்டதா. எடிசன் நியூ ஜெர்சி சார் ரயில்வேயில் கார்டாக இருந்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வேலைக்கு 2022-ல் ரயில் மேலாளர் என்று பேர் மாற்றிவிட்டதில் அவருக்குத் தீராத ஆத்திரம். கொடியையும் விளக்கையும் பிடித்தவனை மேலாளர் என்றால் யாருக்கு விளங்கும் என்றார். "ஆர்.எம்.எஸ்.ஸா? ஈரோடு ஜங்ஷன்ல பையை இறக்கறேன்னு வண்டியை லேட் பண்ணினது நீங்கதானா?" என்று என்மேல் பாய்ந்தார். வண்டி எங்களால் லேட் ஆகவில்லை, எஞ்ஜினுக்குத் தண்ணீர் பிடித்ததால்தான் லேட் என்று நானும் விடவில்லை. மத்தியானச் சாப்பாடு வரை நல்ல சண்டை. அவரை எனக்குப் பிடித்துவிட்டது. சாயங்காலமும் பேச்சு தொடர்ந்தது; ஏழு மணிக்கு அவருக்குப் போன் வந்தபோது, பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிடு என்று பையனிடம் சொன்னார். எங்கள் குடியிருப்பின் சரித்திரத்தில் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆண்டு மலருக்குப் பக்கம் இவ்வளவுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சொன்னாலும் நீங்கள் கேட்காமல் இருக்கப் போவதில்லை. மூன்றாவதாகக் கேளுங்கள். முதல் இரண்டு கேள்வி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இருந்தால் போதும்.